நான் தைத்ததை நீ வெட்டு

மக்கா,

இந்தக் கோணல் எழுத்துக்கு முதலில் நீ என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாற்பது வருடத்துக்கு மேல் ரெக்சினில் நூல் பிடித்தாற்போல் தையல் ஓட்டிய கை இது. காகிதத்தில் ஒரு வரியை நேராகக் கொண்டுபோகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. சில எழுத்து கடுகு அளவு, சில எழுத்து புளியங்கொட்டை அளவு. பேனாவை ஊசி என்று நினைத்து அழுத்தியதில் இரண்டு இடத்தில் தாளில் ஓட்டை விழுந்துவிட்டது. ஒரு பக்கம் முடிக்க ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆனால் யாரும் எழுதித் தரவில்லை, எல்லாம் நானாக எழுதியது. லில்லி டீச்சர் பிழை மட்டும் பார்த்தார். இதன் ஒரு நகலை வாசகசாலைப் பலகையில் ஒட்டட்டுமா என்றும் கேட்டார். ஒட்டட்டும் என்றேன். உன் வண்டியில் இருப்பதுபோலவே இந்த ஊரில் பலருடைய வண்டியிலும் என் தையல் உண்டு. அவர்களும் வாசிக்கட்டும்.

விஷயத்தை ஃபோனில் சொல்லிவிட்டேன்தான். நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டபோது, “சீட்டுக் கவறைக் கழற்றிப் போடு மக்கா, அது ஆபத்தாக்கும்” என்றேன். “நாலு வருசமா ஒண்ணும் ஆகல்லியே, பரவால்ல, சாரமில்லப்பா” என்றாய். “சாரம் உண்டு. கழற்று” என்றேன். “அப்பா தைச்சது அது. அம்மைக்க சேலைக் கரையும் அதுல இருக்கு. அதை நான் கிழிக்கமாட்டேன்” என்றாய். பேத்தி பள்ளிக்கூடத்தில் என்ன படிக்கிறாள் என்று கேட்டேன். நீ சொன்னாய். ஃபோன் வைத்துவிட்டோம். அடுத்த ஞாயிறும் அதே கதைதான். நீ சண்டை போட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். நீ பாசமாகச் சொல்லிவிட்டாய். அதை எதிர்த்துப் பேச எனக்கு ஃபோன் போதவில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

எனக்கு வாசிக்கத் தெரியாது என்பதை உன்னிடம் இத்தனை வருடம் மறைத்தேன். நீ தனுவச்சபுரத்தில் படித்த காலத்தில் மார்க் பேப்பரைக் கொண்டுவந்து நீட்டுவாய். “கண்ணாடி கடையில இருக்கு, நீயே வாசி” என்பேன். நீ வாசிப்பாய். நான் தலையாட்டிவிட்டு, உன் அம்மை சொல்லித்தந்த மூன்று எழுத்தைக் கையெழுத்தாகப் போடுவேன். அப்போது எனக்குக் கண்ணாடியே கிடையாது. நீ வேலைக்குப் போன முதல் வருடம் ஒரு நல்ல கண்ணாடி வாங்கி வந்து, “இனி கடைக்கொண்ணு வீட்டுக்கொண்ணுன்னு வச்சிக்கிடுங்க” என்றாய். அன்றைக்கு உன் முகத்தை நான் பார்க்கவில்லை. உனக்குத் தெரிந்திருந்ததா, இல்லையா? இப்போதாவது சொல். கடையில் அளவு குறிக்க எனக்கு நோட்டு வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கயிறு. முதுகுக்கு ஒரு முடிச்சு, இருக்கைக்கு இரண்டு முடிச்சு. ஒரு தடவையும் அளவு பிசகியதில்லை. அதனால் எழுத்து எனக்கு எதற்கு என்ற திமிரும் இருந்தது.

உன் அம்மை போன பிறகு கடையையும் கொடுத்துவிட்டேன் அல்லவா, பகல் பொழுது மிகவும் நீளமாகிவிட்டது. போன வருடம் மழைக்காலம் முடிந்ததும் வாசகசாலையில் வகுப்பு தொடங்கினார்கள். லில்லி டீச்சர் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வகுப்பில் ஏழு பெண்கள், ஆண்பிள்ளை நான் ஒருத்தன். முதல் நாள் நான் சிலேட்டில் ‘அ’ போட்டதும் பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்து, “மாமா, உங்க அனாவுக்கு வயிறு தள்ளிக்கிட்டு நிக்குதே, மாசம் எத்தனை?” என்றாள். வகுப்பே சிரித்தது. “இது நிறைமாசம் மக்கா. உனக்க அனாவுக்கு இன்னும் கல்யாணமே ஆகல்ல” என்றேன். நான் இப்படியெல்லாம் பேசி எத்தனை நாள் ஆகியிருந்தது தெரியுமா? பத்து மாதத்தில் தமிழ் வந்தது, ஆங்கிலப் பெரிய எழுத்தும் வந்தது. ஒரு நாள் வீட்டில் மஞ்சள்தூள் பாக்கெட்டை எடுத்தேன், முழுவதும் வாசித்துவிட்டேன். ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று எழுந்தேன். வீட்டில் ஆள் இல்லை. நின்ற இடத்திலேயே அந்தப் பாக்கெட்டைச் சத்தமாக இன்னொரு தடவை வாசித்தேன்.

பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கத் தொடங்கினேன், அதில்தான் மாட்டிக்கொண்டேன். கண் காட்ட நெய்யாற்றின்கரைக்குத் தங்கராஜின் டாக்சியில் போனேன். உனக்குத் தெரியும் அவனை, என் கடைக்கு எதிரே வண்டி போடுகிறவன். புது வண்டி வாங்கியிருக்கிறான், சீட்டில் பிளாஸ்டிக் உறை கூட எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவன் தன் பக்கத்துக் கதவைத் திறந்து போட்டிருந்தான். டிரைவர் சீட்டின் முதுகில், கதவுப் பக்கமாக, விரல் அகலத்தில் ஒரு சின்னத் துணித்துண்டு தைத்திருந்தது. என் பெருவிரலுக்கு அதை நன்றாகத் தெரியும். எத்தனையோ புது வண்டிச் சீட்டில் அதைத் தடவியிருக்கிறேன். சட்டைக் காலரில் கம்பெனிப் பெயர் இருக்குமே, அப்படி ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். அன்று குனிந்து எழுத்துக்கூட்டினேன். ஏ, ஐ, ஆர். பி, ஏ, ஜி.

“தங்கராஜே, இது கம்பெனிப் பேரு இல்லியா?”

“கம்பெனிப் பேரா? ஓய், அது ஏர்பேக் ஆக்கும். பக்கத்துல வந்து ஒருத்தன் இடிச்சான்னு வையும், சீட்டைப் பொளந்துக்கிட்டு பலூன் மாதிரி வெளிய சாடும். கதவுக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவுல வந்து நிக்கும்.”

“மேல கவறு போட்டிருந்தா?”

அவன் சிரித்தான். “நீரு தைச்ச கவறா? உள்ள இருந்து யானை தள்ளினாலும் கிழியாதே ஓய்!”

அவன் என்னைப் புகழ்ந்துதான் சொன்னான். இந்தப் பேச்சை எத்தனை பேர் சொல்லிக் கேட்டு நான் நெஞ்சு நிமிர்ந்திருக்கிறேன். அன்று அந்தத் துணித்துண்டிலிருந்து விரலை எடுக்காமல் நின்றேன். கண் டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டி வாசிக்கச் சொன்னார். எனக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை. உன் வண்டியின் நான்கு கதவும்தான் தெரிந்தது.

நீ புனேவுக்குப் போகுமுன் மூன்று நாள் உட்கார்ந்து அதைத் தைத்தேன், நினைவிருக்கிறதா? கடையில் இருந்ததிலேயே தடித்த ரெக்சின், நைலான் நூல், எல்லா ஓரத்திலும் இரட்டைத் தையல். டிரைவர் சீட்டுக்கு மூன்றாவது தையலும் போட்டேன். நான் உன்னோடு அத்தனை தூரம் வரமுடியாது, இதாவது வரட்டும் என்று நினைத்துத்தான் அவ்வளவு இறுக்கமாக இழுத்துக் கட்டினேன். உன் அம்மை தன் பாலராமபுரம் புடவையின் கரையை வெட்டி, சீட்டின் தலைப்பகுதிக் கவரில் வைத்துத் தைக்கச் சொன்னாள். கிழியாமல் தைப்பதுதான் நல்ல தையல் என்று நான் படித்திருந்தேன். கிழிய வேண்டிய ஒரு இடம் உண்டு என்று எனக்குத் தெரியாது. ஏர்பேக் உள்ள சீட்டுக்கென்று தைக்கும் கவரில் அந்த ஓரத்தை மட்டும் மெல்லிய நூலால் தைப்பார்களாம், பை தள்ளியதும் விட்டுக்கொடுக்க. சிலர் அந்தப் பக்கத்தைத் திறந்தே விடுவார்களாம்.

தெரியாது என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. சொல்ல ஒரு ஆள் வந்தாள். அம்பூரியிலிருந்து ஒரு நர்ஸ், வண்டி வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. “மாமா, சீட்டுக்க இந்தப் பக்கத்தை மூடாண்டாம், வண்டிப் புத்தகத்துல எழுதியிருக்கு” என்றாள். “எனக்குத் தொழில் படிப்பிக்காண்டாம் மோளே. பாதி மூடி பாதி திறந்து விட்டா நாளைக்கு ஊரு என்னைப் பாத்துச் சிரிக்கும்” என்றேன். அவள் கோபப்படாமல் புத்தகத்தைப் பிரித்து என் முன்னால் நீட்டி, “நீங்களே வாசிச்சுப் பாருங்க” என்றாள். “கண்ணாடி எடுக்க மறந்துட்டேன்” என்றேன். மக்கா, நீ வாங்கித் தந்த கண்ணாடி அப்போது என் மூக்கில் இருந்தது. அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, “சரி மாமா, உங்களுக்குத் தோணுற மாதிரி செய்யுங்க” என்றாள். என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக அந்தப் பிள்ளை தன் சீட்டை மூட விட்டாள். போன மாதம் பஸ் ஏறி அம்பூரிக்குப் போய் வீடு விசாரித்துக் கண்டுபிடித்தேன். வாசலில் நின்று நான் திக்கித்திணறிச் சொல்லி முடித்ததும் அவள் சொன்னாள்: “அன்னைக்கே வீட்டுல வந்து பிரிச்சுப் போட்டேன் மாமா. ஒங்களுக்கு வருத்தமா இருக்கும்னு சொல்லல்ல.” அவள் தந்த கட்டன்சாயாவைக் குடித்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது மனது லேசாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

உன் வண்டியின் புத்தகம் இங்கேதான் கிடந்தது, என் தையல் மிஷின் பெட்டியில். அதை லில்லி டீச்சரிடம் கொண்டுபோனேன். அவர் ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொல்ல, நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த நோட்டு எனக்கு எத்தனையோ பழைய நாளைத் திருப்பிக் காட்டியது. அம்பூரி மலையில் ரப்பர் ஷீட் ஏற்றுகிற ஜீப்புக்குச் சீட்டு தைத்துத்தான் நான் தொழில் தொடங்கினேன். அந்த ஜீப்பில் பெல்ட்டும் கிடையாது, கதவும் கிடையாது. ஒருமுறை ஒரு பழைய கார் பாலத்துச் சுவரில் மோதி நின்றது. வண்டிக்கு மூக்கில் ஒரு சின்னச் சொட்டைதான், ஓட்டியவர் செத்துப்போனார். “என்ன இரும்பு பாத்தியா, ஒண்ணும் ஆகல்ல” என்று சொன்ன கூட்டத்தில் நானும் இருந்தேன். இப்போது வண்டியின் முன்பக்கத்தை நசுங்குவதற்கென்றே செய்கிறார்கள். தென்னையிலிருந்து காய் விழும்போது அடியை வாங்குவது வெளியே இருக்கும் நார்க் கதம்பை, உள்ளே இருக்கும் தேங்காய் உடைவதில்லை. அதே கணக்குதான். முன்பக்கம் கதம்பை, நீங்கள் உட்காரும் இடம் சிரட்டை. ஆனால் பக்கவாட்டில் கதம்பைக்கு இடம் இல்லை பார். கதவுக்கும் உன் விலாவுக்கும் நடுவில் ஒரு சாண்தான். அந்த ஒரு சாணுக்காகத்தான் சீட்டுக்குள் பை வைத்திருக்கிறார்கள். அந்தப் பையைத்தான் நான் கட்டிப்போட்டிருக்கிறேன்.

இன்னொரு சங்கதி. நீ வண்டி எடுத்த புதிதில் ஒரு மழை நாள், பாறசாலை வளைவில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. நீ பிரேக்கை மிதித்ததும், “அப்பா, பெடல் காலுக்கடியில கிடந்து துடிக்குது” என்றாய். “பிரேக்கு கெட்டுப்போச்சு, இனிமே அப்படித் துடிச்சா காலை எடுத்துக்கிடு” என்று சொல்லித்தந்தேன். தப்பு மக்கா. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க அந்த யந்திரம் பிடித்துப் பிடித்து விடுகிறது, அதுதான் அந்தத் துடிப்பு. துடித்தால் காலை எடுக்காதே, இன்னும் அழுத்து, ஸ்டீயரிங் வளையத்தைத் திருப்பினால் வண்டி திரும்பும். அந்த வசதி இல்லாத ஜீப் அம்பூரி இறக்கத்தில் பக்கவாட்டில் வழுக்கிப் போனபோது நானும் உன் அம்மையும் உள்ளே இருந்தோம், நீ அவள் மடியில் இருந்தாய். ஒரு ரப்பர் மரம் நம்மைப் பிடித்து நிறுத்தியது.

மூன்றாவது, பெல்ட். கவர் போட்டவர்களுக்கெல்லாம் நான் இனாமாகக் கொடுத்த ஒரு சின்னக் கொளுத்து உண்டு. பெல்ட் மாட்டுகிற இடத்தில் அதைச் சொருகினால் பெல்ட் போடாவிட்டாலும் வண்டி கூவாது. உன் வண்டிக்கும் இரண்டு கொடுத்தேன். பெல்ட் முதலில் ஆளைச் சீட்டோடு பிடிக்க வேண்டும், அதன் பிறகுதான் முன்னால் பை விரிந்து தாங்கும். கண் சிமிட்டுவதற்குள் விரியும் பை அது. பெல்ட் இல்லாமல் அதன்மேல் போய் விழுகிறவனை அந்தப் பையே அடித்துவிடும். அந்தக் கொளுத்தைக் குப்பையில் எறி. பேத்தியைப் பின்சீட்டில், அவளுக்கென்று உள்ள இருக்கையில் உட்காரவை. அழுதாலும் மடியில் எடுக்காதே என்று மருமகளிடம் நான் சொன்னதாகச் சொல்.

இப்போது ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் ஒரு பிளேடோடு சர்ச் முற்றத்தில் நிற்கிறேன். என் தையலை எந்த வண்டியிலும் எனக்குத் தெரியும். ஏர்பேக் உள்ள வண்டியாகப் பார்த்துக் கவரை வெட்டி எடுத்துக்கொடுக்கிறேன். “தைக்கதும் அவரு, கிழிக்கதும் அவரு, நல்ல கிருபையுள்ள மனுசன்” என்று பின்னால் பேச்சு வருகிறது. பேசட்டும். தேவதாஸ் மட்டும் கதவைத் திறக்கவே இல்லை.

“காசு குடுத்துப் போட்டதாக்கும் ஓய். கை வைக்காண்டாம்.”

“காசைத் திருப்பித் தாறேன்.”

“வேண்டாம். நான் மெதுவாத்தான் ஓட்டுவேன்.”

“நீ மெதுவாத்தான் ஓட்டுவ. சந்துல இருந்து பக்கத்துல வந்து சாடுறவன் மெதுவா வருவானா? உனக்க மோளு எந்தப் பக்கம் இருப்பா?”

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த ஞாயிறு வந்து, கதவைத் திறந்துவிட்டு மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டான். இதுவரை ஒன்பது வண்டி. மீதி எங்கே ஓடுகின்றன என்று தெரியாது. என்னிடம் இருப்பது முடிச்சுப் போட்ட கயிறுகள்தான், அதில் ஒருவர் பெயரும் இல்லை. ஒன்பதாவது வண்டி முடிந்த அன்று, முற்றத்துக்குப் பின்னால் உன் அம்மையின் கல்லறைக் கல்லுக்குப் போனேன். மூன்று வருடமாக அந்தக் கல்லைத் துடைக்கிறேன், அன்றுதான் அதை வாசித்தேன். அவள் பெயரைப் பிழையில்லாமல் வெட்டியிருக்கிறார்கள். விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுச் சரிபார்த்தேன். பிறகு, நம் மகன் உன் கரைக்காகக் கவரைக் கழற்றமாட்டேன் என்கிறான் என்று அவளிடம் சொன்னேன். அவள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று உனக்கே தெரியும். “எனக்க பிள்ளையவிடப் பெரிசா ஒரு முழம் துணி?” என்று கேட்டிருப்பாள்.

அதனால் நான் சொல்கிறபடி செய். தலைப்பகுதிக் கவர் தனித்துண்டு. அடியில் ஒரு கொக்கி இருக்கும், எடுத்தால் சட்டைபோல் கழன்று வரும். அந்தக் கரையை எடுத்து வீட்டில் வைத்துக்கொள், வண்டிக்கு அது வேண்டாம். பிறகு சீட்டின் முதுகுப்புறத்துக்குப் போ. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு தையல் ஓடும், அதில் பிளேடை வைத்து வெட்டு. பக்கவாட்டில் பிளேடைக் கொண்டுபோகாதே, பை இருக்கும் இடம் அது. சீட்டுக்கு அடியில் கையை விட்டு எதையும் இழுக்காதே. அங்கே மஞ்சள் நிற ஒயர் போகிறது, அது ஏர்பேக்கின் ஒயர். உனக்குப் பயமாக இருந்தால் வண்டிக் கம்பெனியின் ஒர்க்ஷாப்பில் கொடு, அவர்கள் எடுப்பார்கள். நூல் லேசில் அறாது, கை வலிக்கும். நான் கோபப்படுவேனோ, வருத்தப்படுவேனோ என்று நினைத்து நிறுத்தாதே. வெட்டும்போது என்னை நினைக்க வேண்டுமென்றால், இரண்டு வேளை சாப்பாட்டுக்கு எழுந்திருக்காமல் இதைத் தைத்த கிழவன், இன்று அது கிழிந்ததா இல்லையா என்று தெரியாமல் ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நினை.

முடிந்ததும் ஒரு படம் எடுத்து அனுப்பு. உன் முகம் வேண்டாம், வண்டியின் அழகும் வேண்டாம். கதவைத் திறந்து, சீட்டின் ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்னத் துணித்துண்டைக் கிட்டத்தில் வைத்து எடு. ஆறு எழுத்தும் தெளிவாகத் தெரிய வேண்டும். என்ன எழுதியிருக்கிறது என்று நீ சொல்லாதே. கண்ணாடி போட்டு நானே வாசித்துக்கொள்வேன்.

வரும் திங்கட்கிழமை காலையில் மறுபடியும் இந்த மேசையில் உட்காருவேன். அதற்குள் படம் வந்திருந்தால் மழையைப் பற்றியும், வகுப்பில் என் ‘ழ’வைப் பார்த்துச் சிரிக்கிறவர்களைப் பற்றியும் உனக்கு எழுதுவேன். வராவிட்டால் இதே கடிதத்தை முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்குவேன். அதற்கடுத்த திங்களும் இதையே எழுதுவேன். எனக்கு வேறு வேலை இல்லை மக்கா, எழுத்தும் வரவர நன்றாகிக்கொண்டு வருகிறது.

உன் அப்பா